குல்லா இல்லாத படம்

வெங்கடகிருஷ்ணன் சார் காணாமல் போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, அவர் தலையில் எவ்வளவு முடி வைக்கலாம் என்று அவர் வீட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நான் பக்கத்து வீட்டுக்காரன். கூடத்தில் நின்று என் கண்ணால் பார்த்தேன்.

பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று இந்தப் பக்கம் எண்ணிச் சொல்லலாம். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். சார் மாநில அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொன்பது வயது. மூன்று வருடமாக ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. முதலில் பெயர்கள் போயின, அப்புறம் கிழமைகள். என்னை ஆண்ட்ரூ என்று கூப்பிட்டவர் போன வருடத்திலிருந்து "லிஃப்ட்காரரே" என்று கூப்பிட ஆரம்பித்தார். தப்பில்லை. நான் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். அந்த மட்டும் நினைவு இருக்கிறதே என்று என் மனைவி பெர்னதெத்திடம் சொல்லி ஆறுதல்பட்டுக்கொண்டேன்.

சாருக்குக் குளிர் ஆகாது. தீபாவளிக்கு அப்புறம் தலையில் ஏறும் குரங்குக் குல்லா முன்பெல்லாம் மார்ச்சில் இறங்கிவிடும். பழுப்புக் கம்பளிக் குல்லா. நெற்றி, காது, தாடை எல்லாவற்றையும் மூடிவிட்டு மூக்குக் கண்ணாடியையும் மூக்கையும் மட்டும் வெளியே விடும். ஞாபகம் போக ஆரம்பித்த பிறகு மார்ச் வந்தாலும் இறங்கவில்லை, மே வந்தாலும் இறங்கவில்லை. குளிக்கும்போது அதைக் கழற்றச் சொல்லி அவர் மனைவி ருக்கு மாமி கெஞ்சுவது சுவர் வழியே எங்களுக்குக் கேட்கும். தெருவில் காய்கறி வண்டிக்காரர் முதல் நாய்கள் வரை எல்லோருக்கும் சார் என்றால் அந்தக் குல்லாதான்.

அன்று ஜனவரிப் பனி. ஆறரை மணிக்கு மாமி பால் வாங்கப் போய் வருவதற்குள் சார் கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிட்டார். இளைய பிள்ளை வெங்கி ஒரு வண்டியிலும் நான் ஒரு வண்டியிலுமாக அல்சூர் ஏரி, கோயில், மெட்ரோ ஸ்டேஷன், பழைய மெட்ராஸ் ரோடு முழுக்கச் சுற்றினோம். எட்டரைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். அங்கே இருந்தவர் நல்ல மாதிரி. "முகம் தெளிவா தெரியற மாதிரி ஒரு போட்டோ வாட்ஸாப்ல அனுப்புங்க, மத்த ஸ்டேஷனுக்கும் போட்டுடறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எடுத்து வைத்திருந்த படத்தை அப்போதே அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சமீபத்திய படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வெங்கியின் மனைவி சுப்ரியா பதினைந்து நாளுக்கு முன் எடுத்தது. கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு சார் உட்கார்ந்திருக்கிறார். தலையில் குல்லா. கழுத்தைச் சுற்றிக் குழந்தைக்குக் கட்டுவதுபோல ஒரு துண்டு. ஸ்வெட்டர் மார்பில் சாம்பார்க் கறை. மடியில் உப்பிட்டுத் தட்டு, நம் ரவை உப்புமாதான். பின்னால் கொடியில் காயும் பாவாடை. வலது ஓரத்திலிருந்து ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு ஒரு கை வருகிறது. அது மாமியின் கை.

வெங்கி மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். படத்தை லேப்டாப்பில் பெரிதாக்கி, சாப்பாட்டு மேஜையில் வைத்து, வேண்டாததைச் சுற்றி வட்டம் போட்டால் அதை அழித்துவிடும் சாஃப்ட்வேரைத் திறந்தான். மூத்தவன் ஸ்ரீஹர்ஷா அமெரிக்காவிலிருந்து வீடியோ காலில் இருந்தான். அவன் முகம் தெரிந்த போனை ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"அந்தப் பாவாடையை மொதல்ல எடு வெங்கி. ஊர் பூரா போகப்போறது" என்றாள் சுப்ரியா.

வெங்கி பாவாடையைச் சுற்றி வட்டம் போட்டான். பாவாடை போய், அது மறைத்திருந்த சுவர் வந்தது. சுவரில் இருந்த விரிசல்கூட ஒழுங்காகத் தொடர்ந்தது. சாஃப்ட்வேரைப் பாராட்டத்தான் வேண்டும்.

"தட்டு" என்றாள். தட்டு போயிற்று.

"அந்தத் துண்டையும் எடுத்துடு. நாம என்னமோ அவரைச் சின்னக் கொழந்தையாட்டம் கட்டிப்போட்டு வெச்சிருக்கோம்னு நெனைச்சுப்பா."

"கறை?"

"அதைக் கேக்கணுமா."

துண்டும் கறையும் போயின. இருபது வருடம் பழைய ஸ்வெட்டர் புது ஸ்வெட்டராயிற்று. பிறகு ஓரத்திலிருந்து வந்த கையைச் சுற்றி வட்டம் போட்டான். மாமி அடுக்களை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். தன் கை மறைந்ததைப் பார்த்தார்.

"வெங்கி, கேமரால தெரியலை. குல்லாவோடயா அனுப்பப்போறே? போலீஸ் என்ன சொன்னார், கிளியர் ஃபேஸ்னுதானே?" என்றது ஊறுகாய் ஜாடி.

"ஆமாண்டா, அதைத்தான் எடுக்கப்போறேன்."

நான் சொன்னேன். "வெங்கி, குல்லா இருக்கட்டும்பா. வெளியில போனப்போ குல்லாவோடதானே போயிருக்காரு."

"அங்கிள், ஃபேஸ் ரெகக்னிஷனுக்கெல்லாம் நெத்தி வேணும். அஞ்சு நிமிஷம்."

அந்த அஞ்சு நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆயிற்று. குல்லாவை எடுத்தால் அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று சாஃப்ட்வேருக்கு எப்படித் தெரியும்? அது தன் இஷ்டத்துக்கு ஒரு தலையைச் செய்து வைத்தது. முதல் தடவை கன்னங்கரேலென்று சுருள்முடி. இரண்டாம் தடவை முடியே இல்லாமல், ஆனால் ஒரே ஒரு காது. மூன்றாம் தடவை நரைத்து அடர்ந்த முடி, பின்னால் படிய வாரியது.

"அப்பாவுக்கு முன்னாடி வழுக்கைடா" என்றான் ஸ்ரீஹர்ஷா.

"பின்னாடி கொஞ்சம் இருந்தது இல்லையா?"

"நான் கடைசியா பார்த்தப்போ இருந்தது."

"நீ கடைசியா பார்த்து ஆறு வருஷமாச்சு."

"அதுக்கு இப்போ என்ன? நீ பக்கத்துலயே இருக்கே, உனக்குத் தெரியலையே."

வெங்கி லேப்டாப்பையே உற்றுப் பார்த்தான். அவனுக்கும் தெரியவில்லை. அப்பாவின் தலையை அவன் பார்த்து எத்தனை காலம் ஆயிற்றோ. தெரிந்த ஒரே ஆள் அடுக்களை வாசலில் நின்றார். அவரை யாரும் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அடுத்த வீட்டு விஷயத்தில் எந்த அளவு கத்தலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அடக்கிக்கொண்டேன்.

"மூணாவது நன்னா டிக்னிஃபைடா இருக்கு. அதையே போடுங்கோ" என்று சுப்ரியா முடித்து வைத்தாள்.

வீட்டு வேலைக்கு வரும் தனக்கோடி அப்போதுதான் வாளியோடு உள்ளே வந்தாள். லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள்.

"யாரும்மா இவரு? சொந்தக்காரரா?"

"என்ன தனக்கோடி, அப்பாவைத் தெரியலையா?"

"அய்யாவா?" அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "அய்யா எங்கம்மா இதுல கீறாரு? டி.வி.ல நியூஸ் படிக்கிறவராட்டம் இருக்குது. குல்லா போட்டது இல்லியா?"

"நீ பாத்திரத்தைப் பார்" என்றாள் சுப்ரியா.

பத்தேகால் மணிக்கு அந்த டி.வி.க்காரரின் படம் 'காணவில்லை' என்று தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிக்கொண்டு கிளம்பியது. போலீஸுக்கு, அபார்ட்மெண்ட் குரூப்புகளுக்கு, ஆட்டோக்காரர்கள் குரூப்புகளுக்கு. அனுப்பிய வேகத்தில் குறை சொல்ல முடியாது.

பதினொன்றேகாலுக்குப் பிரேசர் டவுனிலிருந்து போன் வந்தது. "உங்க பெரியவர் எங்ககிட்ட பத்திரமா இருக்காரு சார். கோவமா இருக்காரு, சீக்கிரம் வாங்க." மாமி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதாரா கும்பிட்டாரா என்று பார்க்க நேரமில்லை. வெங்கி என் வண்டியில் பின்னால் ஏறினான்.

ஒரு பேக்கரி வாசல். பத்துப் பதினைந்து பேர் வளைத்து நிற்க, நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர். கையில் வலுக்கட்டாயமாகக் கொடுத்த மாதுளை ஜூஸ். நரைத்து அடர்ந்த முடி, பின்னால் படிய வாரியது. போனில் இருந்த படத்துக்கும் அவருக்கும் இம்மி வித்தியாசம் இல்லை. வெங்கி அவரையும் போனையும் மாறி மாறிப் பார்த்தான். உள்ளதைச் சொல்கிறேன், வீட்டில் மாமியின் முகத்தை நினைத்தபோது இவரையே கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று எனக்கும் ஒரு நொடி தோன்றியது.

"நீங்கதானா அந்தப் பிள்ளை?" பெரியவர் வெங்கியைப் பார்த்துக் கேட்டார். "பன் வாங்க வந்தேன்யா நான். ஒரு மணி நேரமா விட மாட்டேங்கறாங்க. ஒருத்தன் வீட்டு நம்பர் கேக்கறான், ஒருத்தி கையப் பிடிச்சுக்கிட்டு ஜெபம் பண்றா."

"பேரு கேட்டோம் சார். என்னென்னவோ சொல்றாரு" என்றார் பக்கத்தில் இருந்தவர் எங்களிடம் தணிந்த குரலில்.

"அனந்தபத்மநாபன். அஞ்சு தடவை சொல்லியாச்சு. ஞாபக மறதி உள்ளவன் இவ்வளவு நீளப் பேரைச் சொல்வானாய்யா? காலேஜ்ல முப்பது வருஷம் பிசிக்ஸ் எடுத்தவன் நான்."

"பாவம், இதையேதான் சொல்லிட்டிருக்காரு" என்றாள் ஜெபம் செய்த பெண்.

இவர் அவர் இல்லை என்று அந்தக் கூட்டத்துக்குப் புரிய வைக்கக் கால் மணி நேரம் பிடித்தது. ஒருவர் வெங்கியையே சந்தேகமாகப் பார்த்து, பெற்ற அப்பாவை வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறாயா என்று கன்னடத்தில் கேட்டுவிட்டார். அனந்தபத்மநாபன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வெங்கியிடம் போனை வாங்கிப் படத்தைப் பார்த்தார்.

"இது உங்கப்பாவா?"

"ஆமா சார். கொஞ்சம் எடிட் பண்ணினது."

"கொஞ்சமா?" என்றார். ஜூஸை வெங்கி கையில் கொடுத்துவிட்டுப் பன் வாங்கப் போனார்.

திரும்பி வரும்போது பன்னிரண்டரை. வழியெல்லாம் எங்கேயாவது பழுப்புக் குல்லா தெரிகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டில் நுழைந்தால் சுப்ரியா லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஸ்ரீஹர்ஷா சொல்லச் சொல்ல முடியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கிறாள்.

"முன்பக்கம் ஒரு அரை இஞ்ச் ஏத்தினா கரெக்டா இருக்கும் சுப்ரியா" என்றது ஜாடி.

எவ்வளவு கத்தலாம் என்ற கணக்கெல்லாம் அப்போது பறந்துபோயிற்று.

"போதும்பா" என்றேன். குரல் பக்கத்து வீட்டில் பெர்னதெத்துக்குக் கேட்டதாம், அப்புறம் சொன்னாள். "ஆறரை மணியில இருந்து அந்த மனுஷன் தண்ணி குடிச்சாரா தெரியாது, எந்த ரோட்டுல நிக்கறாரு தெரியாது. நீங்க சலூன் நடத்திட்டிருக்கீங்க. மாமி, அந்த முதல் படம் உங்க போன்ல இருக்கா?"

மாமி இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துக் கொடுத்தார். குடும்பக் குரூப்பில் எடுத்த அன்றே போட்ட படம் அப்படியே இருந்தது.

"இதை அனுப்பறேன்."

"வேண்டாம் அங்கிள், ப்ளீஸ்" என்று சுப்ரியா எழுந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. கெட்ட பெண் இல்லை அவள். மாமனாருக்கு நகம் வெட்டிவிடுகிறவள் அவள்தான். "கறையும் துண்டுமா இருக்கார். எல்லாரும் என்ன நெனைப்பா? நாம அவரைப் பார்த்துக்கலைன்னுதானே சொல்லுவா? காணாமல் போனதே அதனாலன்னு சொல்லுவா."

"அவர் அப்படித்தானேம்மா இருக்கார்" என்றார் மாமி.

காலையிலிருந்து அவர் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். "துண்டு கட்டலேன்னா மேலெல்லாம் சிந்திப்பார். கட்டினாலும் சிந்திப்பார். பார்க்கட்டும். என் கையும் அதுல இருக்கட்டும். நீங்க அனுப்புங்கோ ஆண்ட்ரூ."

தனக்கோடி துடைப்பத்தோடு வந்து பக்கத்தில் நின்று படத்தைப் பார்த்தாள். "இதான் அய்யா" என்றாள்.

அனுப்பினேன். கொடியில் பாவாடை, மடியில் உப்பிட்டு, எல்லாவற்றோடும். அப்போது மணி பன்னிரண்டு ஐம்பது. ஒன்று பத்துக்கு மாமியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"நான் அத்திபெலே பஸ் ஸ்டாப்ல டீக்கடை வெச்சிருக்கேன், பிரகாஷ். இப்ப வந்த போட்டோ, குல்லா போட்ட பெரியவரு, இவரு இங்கதான் இருக்காருங்க."

"பார்த்தீங்களா? நல்லா பார்த்தீங்களா?" என்றான் வெங்கி.

"எதுக்க நிக்கறாரு சார். காலையில ஒம்பதரையில இருந்து இங்கதான். எங்ககூட சேர்ந்து தேடிட்டிருக்காரு."

"என்ன தேடறார்?"

"காணாம போனவரை."

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமி மட்டும், "அத்திபெலேயா? செக்போஸ்ட்ல பதினொரு வருஷம் இருந்தாரே. ஒவ்வொரு நாளும் ரெண்டு பஸ் மாறிப் போவார்" என்றார். காலையிலேயே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

வெங்கியின் காரில் கிளம்பினோம். மாமி பின்னால், நான் முன்னால். வழியில் வெங்கி மூன்று தடவை "சாரி அங்கிள்" என்றான். என்னிடம் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அத்திபெலேயில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஓசூர்ப் பக்கம் போகிற பஸ்ஸும் பெங்களூர்ப் பக்கம் வருகிற பஸ்ஸும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்று போயின. பிரகாஷ் கடை தகரக் கூரை போட்டது. எங்களைப் பார்த்ததும் டம்ளரைக் கழுவுவதை விட்டுவிட்டு வெளியே வந்தார்.

"பத்தரைக்கு எங்க ஆட்டோ குரூப்ல முதல்ல ஒரு போட்டோ வந்துச்சுங்க. கடையில இருந்த எல்லாருக்கும் காட்டினேன். இவருக்கும் காட்டினேன். பாவம் யாரோ வயசானவர், வீட்டுல தேடுவாங்களேன்னு சொல்லிட்டு எழுந்தவருதான். பஸ் நின்னா போயி எறங்கறவங்க மூஞ்சிய எல்லாம் பாக்கறாரு. ரெண்டு பஸ்ஸுக்கு ஒரு தடவை வந்து, மறந்துபோச்சு, மறுபடி காட்டுங்கறாரு. பன்னு கொடுத்தேன், வேலை நேரம்னு சொல்லிட்டாரு."

சார் ஒரு பஸ்ஸின் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். குல்லா, கறை ஸ்வெட்டர், வீட்டு வேட்டி, கால்களில் ஜோடி சேராத செருப்பு. இறங்குகிற ஒவ்வொருவர் முகத்தையும் அண்ணாந்து உற்றுப் பார்த்தார். சிலர் சிரித்தார்கள், ஒருவன் தள்ளிக்கொண்டு போனான். பஸ் போன பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"வெங்கியா? நல்லவேளை வந்தே. நீ அந்தப் பக்கம் வர்ற பஸ்ஸைப் பார்த்துக்கோ. இங்கே இன்னும் வரலை அவர்."

"அப்பா, வாங்கோ, ஆத்துக்குப் போகலாம்."

"எப்படிப் போறது? ஒருத்தரைக் காணலை. தெரியுமோ உனக்கு?" பிரகாஷிடம் கை நீட்டினார். "அந்தப் படத்தைக் கொஞ்சம் காட்டும்."

பிரகாஷ் காட்டினார். நரைத்து அடர்ந்த முடி, புது ஸ்வெட்டர்.

"அப்பா, அது நீங்கதான்" என்றான் வெங்கி.

சார் படத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். கோபம் வந்துவிட்டது. "பைத்தியமாடா உனக்கு? எனக்கு எங்கேடா முடி?"

மாமி தினமும் அரை மணி கெஞ்சினாலும் கழற்றாத குல்லாவைத் தானே இழுத்துக் கழற்றினார். மொழுமொழுவென்ற தலை. பின்னால்கூட ஒன்றும் இல்லை. உச்சியில் பழைய தழும்பு ஒன்று. வெங்கி அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் நடு ரோடு என்றும் பார்க்காமல் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "நான்தாம்பா வெச்சேன். தெரியாம வெச்சுட்டேன்" என்றான். சாருக்கு அது புரியவில்லை. அவர் அடுத்த பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார். எனக்குக் காலையிலிருந்து இருந்த எரிச்சலெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது, அழுகைதான் மிச்சம் இருந்தது.

மாமி குல்லாவை வாங்கி அவர் தலையில் மாட்டி, காதை இழுத்துவிட்டார்.

"அவாத்துல ஒருத்தி ஒண்ணும் சாப்பிடாம உட்கார்ந்துண்டிருப்பா ருக்கு" என்றார் சார். "அவரைப் பார்க்காம நான் வர முடியாது."

"அவர் கிடைச்சுட்டார்" என்றார் மாமி.

"எங்கே?"

"இங்கேதான் பக்கத்துல. இப்போதான் போன் வந்தது."

"நன்னா இருக்காரா?"

"இருக்கார்."

"சாப்பிட்டாரா?"

"இல்லை. நீங்க ஆத்துக்கு வந்தாத்தான் சாப்பிடுவாராம்."

சார் வேட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "அப்போ சீக்கிரம் போகணும். வயசானவர், பசி தாங்க மாட்டார்" என்று சொல்லிவிட்டு, எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய்க் காரில் ஏறி உட்கார்ந்தார்.